நடுராத்திரி விழுந்த அம்மா: முதலில் எதைக் கவனிப்பது?

செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 71 வயது. இரத்த அழுத்தம், இனிப்பு நீர் (நீரிழிவு) இரண்டுக்கும் பல வருடமாக அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். போன மாதம் நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் கட்டில் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். அடி எதுவும் இல்லை என்கிறார். முழங்கால் வலி, பாதம் மரத்துப்போவது, கண் மங்கல் எல்லாம் இருக்கின்றன. கேட்டால், 'வயசானா அப்படித்தான்' என்று முடித்துவிடுகிறார். இதில் அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படி ஏறியே தீருவேன் என்று பிடிவாதம் வேறு. முதலில் எதைப் பார்ப்பது?"

முதலில் அவர் விழுந்ததைப் பாருங்கள். முழங்காலும் கண்ணும் ஒரு வாரம் பொறுக்கும். எழுபது வயதில் ஒருவர் தடுக்காமல், வழுக்காமல் விழுந்தால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணம்தான். இனி தனியாக விடமாட்டார்கள் என்ற பயத்தில் பல பெரியவர்கள் விழுந்ததையே வீட்டில் மறைத்துவிடுவார்கள். உங்கள் அம்மா சொல்லியிருக்கிறார். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

தலை எங்காவது இடித்ததா என்று இன்னொரு முறை பொறுமையாகக் கேளுங்கள். தலை இடித்தால் வயதானவர்களுக்கு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரங்கள் கழித்துத்தான் வெளியே தெரியலாம். புதிதாகத் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

அது இல்லையென்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிரஷர் பார்க்கும் மெஷின் இருந்தால் போதும். காலையில் அம்மாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை அளந்து எழுதுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று என அளந்து எழுதுங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், இல்லை கீழ் எண் 10 இறங்கினால், எழும்போது மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது என்று அர்த்தம். கிளினிக்கில் வழக்கமாக உட்கார வைத்துத்தான் அளப்பார்கள். அதனால் ஏட்டில் பிரஷர் நன்றாகவே இருக்கும், ஆள் மட்டும் இரவில் விழுந்துகொண்டிருப்பார். பிரஷர் மாத்திரை, நீர் போகும் மாத்திரை, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, இனிப்பு நீரால் நரம்பு தளர்வது எல்லாமே இதற்குக் காரணமாகலாம். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

அன்றிரவு வியர்த்துக் கொட்டியதா, கை நடுங்கியதா என்றும் கேளுங்கள். கிளிக்லசைடு போன்ற இனிப்பு நீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இரவில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். வயதானவர்களுக்குச் சர்க்கரை கூடுவதைப் போலவே குறைவதும் ஆபத்து. அதனால்தான் இளையவர்களுக்கு வைக்கும் கண்டிப்பான அளவை அவர்களுக்கு டாக்டர்களாகிய நாங்கள் கொஞ்சம் தளர்த்துவோம்.

அப்புறம், அம்மா ஏன் இரவில் எழுகிறார்? நீர் போகும் மாத்திரையைச் சாயங்காலம் போடுகிறாரா? இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தே தாரிக் குடிக்கிறாரா? சர்க்கரை கூடியிருந்தாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் அடிக்கடி போக வேண்டியிருக்கும். இதற்கும் வயதைக் காரணம் சொல்லிவிடாதீர்கள்.

பாதம் மரத்துப்போவதை இனிப்பு நீர் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பாதி உண்மை. இனிப்பு நீருக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்துபோகும். சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். அதுவும் பாதத்தை மரக்கச் செய்யும், நடையைத் தள்ளாட வைக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் எளிது. நம் சமூகத்தில் இதைக் கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு வருத்தம். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம்.

முழங்காலுக்கு வருவோம். காலையில் எழுந்ததும் விறைப்பு, அரை மணி நேரத்துக்குள் இளகுவது, படி இறங்கும்போது வலி என்றால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். வலியைவிட எனக்குக் கவலை தருவது, அதற்கு அம்மா என்ன விழுங்குகிறார் என்பது. கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட் போன்ற மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைவிட மோசம், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் 'மூட்டு வலி நிவாரணி'. இவற்றில் சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். பாட்டில் மேலே 'MAL' (மால்) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாதம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, எனவே பாட்டிலோடு டாக்டரிடம் போங்கள். வலிக்குத் தடவும் ஜெல் பரவாயில்லை. உண்மையில் உதவுவது தொடைத் தசையைப் பலப்படுத்துவதுதான்: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, தினமும் இரண்டு வேளை.

கண் மங்கல் புரையாக இருக்கலாம், அறுவை சிகிச்சையில் சரியாகும். ஆனால் இனிப்பு நீர் விழித்திரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும். வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்று அவருடைய கிளினிக் புத்தகத்தில் பாருங்கள்.

கிளினிக் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், கஷாயம், சத்து மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாய் திறந்ததும் "அம்மா விழுந்துவிட்டார்" என்று சொல்லுங்கள், மூட்டு வலியில் ஆரம்பிக்காதீர்கள். அதுவரை கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கால்மிதியை எடுத்துவிடுங்கள். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.

பத்துமலை? நான் தடுக்கமாட்டேன். 272 படி ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குப் பாரம். நின்றால் பிரஷர் இறங்குவது சரியாகி, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிந்தால் ஏறலாம். கூட்டம் நெருக்கும் நாளில் வேண்டாம், சில நாள் முன்னதாக, வெயில் ஏறுவதற்குள், கைப்பிடிப் பக்கமாக ஏறட்டும். விரதம் இருப்பதாக இருந்தால் இனிப்பு நீர் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பயிற்சிக்கு, டாக்டர் சரி என்றதும், உங்கள் ஃபிளாட் மாடிப்படியில் தினமும் ஒரு மாடி ஏறி இறங்க ஆரம்பிக்கட்டும், நீங்களும் கூட நடங்கள்.