கீபோர்டு இருக்கும்போது பியானோவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

கேள்வி: வட சென்னையில் இருக்கிறோம். மகள் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். டீச்சர் பியானோ பக்கம் போகச் சொல்கிறார். இரண்டிலும் அதே கருப்பு வெள்ளைக் கட்டைகள்தானே, அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: டீச்சர் சொல்வது சரி. நான் ராயபுரத்துக்காரன், சர்ச் பாடகர் குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறவன். எங்கள் பக்கத்துப் பாதி இசை கீபோர்டை நம்பித்தான் நடக்கிறது, அதனால் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் பியானோ வேறு.

பியானோ வருவதற்கு முன்னால் ஐரோப்பாவின் பெரிய வீடுகளில் இருந்தது ஹார்ப்சிகார்டு. அதில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முள் கம்பியைச் சுண்டும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். 1700 வாக்கில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பார்த்தொலோமியோ கிறிஸ்தோபோரி என்ற இசைக்கருவி செய்பவர் சுண்டுவதற்குப் பதிலாகச் சுத்தியல் வைத்தார். கம்பியைச் சுத்தியலால் தட்டுவது பெரிய விஷயமில்லை. தட்டிய சுத்தியல் கம்பி மேலேயே நின்றுவிட்டால் நாதம் செத்துவிடும். விரல் இன்னும் கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே சுத்தியல் மட்டும் விலகி விழ வேண்டும். அதற்கு அவர் வழி கண்டுபிடித்தார். அவர் செய்த பியானோக்களில் மூன்று இன்றும் இருக்கின்றன. நியூயார்க், ரோம், லைப்சிக் அருங்காட்சியகங்களில்.

அந்த ஒரு ஏற்பாட்டால் விரலின் வேகம் அப்படியே குரலாக மாறிவிட்டது. கோபம், தயக்கம், பாசம் எல்லாம் கட்டை வழியாகவே கம்பிக்குப் போகும்.

சரி, நல்ல கீபோர்டும் விரல் வேகத்தை அளக்கிறதே என்பீர்கள். அளக்கும். ஆனால் உள்ளே அதிரக் கம்பியோ மரமோ கிடையாது. பியானோவில் 88 கட்டைகளுக்கு ஏறக்குறைய 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுவிசை கிட்டத்தட்ட 20 டன். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். எங்கேயாவது நிஜப் பியானோ கிடைத்தால் மகளை இதைச் செய்யச் சொல்லுங்கள்: கீழ் ஸ்தாயி 'ஸ'வைச் சத்தம் வராமல் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு அடுத்த மேல் 'ஸ'வைச் சட்டென்று அடித்து விரலை எடுக்க வேண்டும். அடித்த கம்பி அடங்கிய பிறகும், அடிக்காத கம்பி தானாகப் பாடிக்கொண்டிருக்கும். எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

இன்னொன்று, ஒரே ஆள் பத்து விரலில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைக் காட்டிவிடலாம். பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் பிரான்ஸ் லிஸ்ட் என்ற ஹங்கேரி இசைமேதை தனிப் பியானோவுக்கு மாற்றி எழுதினார். இசைத்தட்டு இல்லாத காலத்தில் பலர் பெரிய படைப்புகளை வீட்டுப் பியானோவில்தான் கேட்டார்கள்.

நம் கமகம் அதில் வராது, உண்மைதான். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. தோடி ராகத்தை முழுசாகக் கேட்க வீணைக்கோ நாதஸ்வரத்துக்கோதான் போக வேண்டும். ஆனால் பியானோ கலைஞர் அனில் ஸ்ரீனிவாசன், கர்நாடக இசைப் பாடகர் சிக்கில் குருசரணுடன் சேர்ந்து வாசிப்பதைக் கேளுங்கள். குரல் வளைகிறது, பியானோ அதற்கு அடியில் தரையாக நிற்கிறது.

இது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. ரயில்வே வேலையோடு பெரம்பூரில் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் மேற்கத்திய இசை ஆழமாகவே இருந்தது. இதே சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்து முதல் பரிசு வாங்கினான்.

வாங்கும் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பியானோவை எடுத்துவிடாதீர்கள். நம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், ஈரத்தில் மரம் உப்பிச் சுதி மாறும். டியூன் செய்கிறவரை அழைத்துப்போய்க் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். இப்போதைக்கு 88 கட்டையும் கனமான தொடுகையும் உள்ள டிஜிட்டல் பியானோ போதும். அப்புறம், பியானோ இருக்கும் சர்ச்சிலோ பள்ளியிலோ வாரம் ஒரு மணி நேரம் வாசிக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். மகளின் விரல் அந்த வித்தியாசத்தை உடனே பிடித்துக்கொள்ளும்.