மயக்கவியல் நிபுணராகும் பாதை: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

பதிலளிப்பவர்: பெங்களூரில் பணியாற்றும் மயக்கவியல் மருத்துவர்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் மூன்று தலைமுறையாக அல்சூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தினர். என் மகள் இங்கேயே எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். மேற்படிப்புக்கு மயக்கவியலைத்தான் எடுப்பேன் என்கிறாள். உறவினர்களோ, "ஊசி போட்டுத் தூங்க வைக்கவா இவ்வளவு படிப்பு? நோயாளிக்கு உன் முகம்கூட நினைவிருக்காதே" என்கிறார்கள். இதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும், எந்தத் தேர்வு எழுத வேண்டும், எம்.டி. நல்லதா டி.என்.பி. நல்லதா, அப்படி என்னதான் கற்றுத் தருகிறார்கள் என்று விளக்க வேண்டுகிறேன்.
ஒரு தாய், அல்சூர்

பதில்: அம்மா, உங்கள் மகள் தாமே விரும்பி இத்துறையைக் கேட்கிறார் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. கேட்ட துறை தரவரிசையில் கிடைக்காததால் வேறு வழியின்றி இங்கே வந்து சேர்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பின்னாளில் சிறந்த மருத்துவர்களாகிறார்கள் என்றாலும், முதல் ஆண்டை மனக்குறையோடு கழிக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்தச் சுமை இல்லை. உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்: மயக்க மருந்து உடலுக்குள் சென்ற நொடியிலிருந்து நோயாளியின் மூச்சு, இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, உடல் வெப்பம் அனைத்தும் அந்த மருத்துவரின் பொறுப்பு. அறுவை சிகிச்சை நிபுணரின் கவனம் முழுவதும் அறுவை செய்யும் இடத்தில் இருக்கும்போது, நோயாளி என்ற முழு மனிதரைக் கவனித்துக்கொண்டிருப்பவர் மயக்கவியல் மருத்துவர்தான். ஊசி போடுவது அந்தப் பணியில் மிகச் சிறிய பகுதி.

காலக் கணக்கு எளிது. எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுகள், ஹவுஸ் சர்ஜன் ஓராண்டு, எம்.டி. மூன்று ஆண்டுகள். மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக விரும்பினால் அதற்குப் பிறகு சீனியர் ரெசிடென்ட்டாகவும், அதாவது மூத்த உறைவிட மருத்துவராகவும், பணியாற்ற வேண்டும். ஆசிரியப் பணி வேண்டாம் என்பவர்களும் இந்தச் சீனியர் ரெசிடென்சியைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் பரீட்சைக் கவலை இல்லாமல், அதே நேரத்தில் கூப்பிட்டால் ஓடிவர ஒரு மூத்தவர் இருக்கும் நிலையில், சொந்தமாக முடிவெடுக்கப் பழகும் காலம் அது ஒன்றுதான்.

நுழைவுத் தேர்வு நீட் பி.ஜி. தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் நடத்தும் இத்தேர்வில் 200 கொள்குறி வினாக்கள், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ. செட் என்ற தனித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்லும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கர்நாடகத் தேர்வு ஆணையம் கலந்தாய்வு நடத்துகிறது. வெளிமாநில வேர் உள்ள குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி: மருத்துவ மேற்படிப்பில் வசிப்பிடத்தின் அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, படித்த கல்லூரியின் அடிப்படையில் ஓரளவு முன்னுரிமை தருவதை அது அனுமதிக்கிறது. ஆகவே பழைய ஆண்டுகளில் யாரோ சொன்னதை நம்பாமல், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறைக் கையேட்டை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

என்ன கற்றுத் தருகிறார்கள் என்று கேட்டீர்கள். முதல் ஆறு மாதங்களில் கைவேலை முழுவதும் ஒரு முகமூடியைச் சுற்றித்தான் நடக்கிறது. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை அழுத்திப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பின் ஓரத்தில் பொருந்தி அதை மேலே தூக்க வேண்டும். விரல்கள் எலும்பை விட்டு வழுவித் தாடைக்கடியிலுள்ள மென்மையான சதையில் பதிந்துவிட்டால், காற்று போகும் வழி திறப்பதற்குப் பதிலாக அடைபடும். முகமூடியோடு இணைந்த காற்றுப் பையை வலது கை அழுத்தும்போது மார்பு உயர்கிறதா என்று கண் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு மிக எளிமையான இந்தப் பிடி கைக்கு வர வாரக்கணக்கில் ஆகிறது. தொண்டைக்குள் குழாய் செலுத்த முடியாமல் போகும் நாளில் நோயாளியின் உயிரைக் காப்பது இதுதான் என்பதால், நல்ல ஆசிரியர்கள் இதில் அவசரப்படுத்துவதில்லை.

ஒவ்வொரு காலையும் முதல் நோயாளி வருவதற்கு முன் மயக்க இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும்: ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் உள்ளதா, குழாய்களில் கசிவு உண்டா, உறிஞ்சு கருவி வேலை செய்கிறதா, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா. குழாய் மூச்சுக்குழலுக்குள் சென்றதா, தவறி உணவுக்குழலுக்குள் சென்றதா என்பதை, வெளிவிடும் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃப் கருவியின் திரையில் தெரியும் கார்பன் டை ஆக்சைடு அலையைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்டது என்பது மட்டும் போதாது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையில் வாயைத் திறக்கச் சொல்லி எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது, கழுத்து வளைகிறதா என்று பார்ப்பது, திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் இடைவெளி இருக்கிறதா என்று கேட்பது எல்லாம் இந்தக் காலத்திலேயே பழக்கமாகிவிட வேண்டும். முகமே நினைவிருக்காது என்று சொன்ன உறவினர்களிடம் இதையும் சொல்லுங்கள்: பயந்துபோயிருக்கும் நோயாளியின் அருகில் உட்கார்ந்து, நாளை என்ன நடக்கும் என்று பொறுமையாக விளக்குபவரும் இவர்தான்.

இரண்டாம் ஆண்டில் பிரசவம், குழந்தைகள், மூளை, இதயம், தீவிர சிகிச்சைப் பிரிவு எனச் சுழற்சி. இடையில் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் கட்டாயப் பணி. மூன்றாம் ஆண்டில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, நான்கு எழுத்துத் தாள்களையும் செய்முறைத் தேர்வையும் முடிக்க வேண்டும்.

எம்.டி.யா டி.என்.பி.யா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும் மூன்று ஆண்டுகள். இரண்டும் அங்கீகரிக்கப்பட்ட முதுநிலைத் தகுதிகள். எம்.டி.யைப் பல்கலைக்கழகமும், டி.என்.பி.யை நீட் பி.ஜி. நடத்தும் அதே தேசியத் தேர்வு வாரியமும் வழங்குகின்றன. ஆனால் அம்மா, என் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்: பட்டத்தின் பெயரை விசாரிக்கும் பெற்றோர் நூறு பேர் என்றால், இரவு இரண்டு மணிக்கு முதலாண்டு மாணவரின் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று விசாரிப்பவர் ஒருவர்கூட இல்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்த மருத்துவமனையில் பிரசவப் பகுதி இருக்கிறதா, விபத்து நோயாளிகள் வருகிறார்களா, குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை நடக்கிறதா, அல்ட்ராசவுண்ட் பார்த்து நரம்பு மரப்பு ஊசி போடக் கற்றுத் தருகிறார்களா என்று அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் இரண்டாமாண்டு மாணவர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். விக்டோரியா, வாணி விலாஸ் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் விபத்தும் பிரசவமும் ஓயாமல் வந்துகொண்டே இருப்பதால் கை நன்றாகப் பழகும். பெரிய தனியார் மருத்துவமனைகளில் நவீனக் கருவிகளும் சிக்கலான அறுவைகளும் இருக்கும், ஆனால் பணம் கட்டி வரும் நோயாளியின் மீது மாணவரைக் கை வைக்க விடுவார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் இந்நகரில் மயக்கவியல் முதலாண்டு மாணவி. சென்ற வாரம் இரவுப் பணியில் ஒரு நோயாளிக்கு இருமுறை முயன்றும் என்னால் குழாய் செலுத்த முடியவில்லை. சீனியர் வந்து செலுத்தினார். நோயாளி நலமாக இருக்கிறார். ஆனாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தொடர்ச்சியான பணிநேரமும் தாங்க முடியவில்லை. நான் இந்தத் துறைக்குத் தகுதியற்றவளா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை, அம்மா. இரண்டு முறை முயன்று, நிறுத்தி, உதவிக்கு ஆளை அழைத்தீர்கள், சரியாகச் செய்தீர்கள். இந்தியாவில் 2016இல் வெளியான கடினச் சுவாசவழி வழிகாட்டுதல்களும் முயற்சிகளுக்கு வரம்பு வைத்து, இடையிடையே ஆக்சிஜன் கொடுத்து, உதவியை அழைக்கத்தான் சொல்கின்றன. நோயாளிகள் இறப்பது பெரும்பாலும் குழாய் போகாததால் அல்ல; போகவில்லை என்று ஒப்புக்கொள்ளாமல் ஆக்சிஜனை மறந்து மீண்டும் மீண்டும் முயல்வதால்தான். தொடங்கும் முன் மூன்று நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுப்பதை எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள். அந்த மூன்று நிமிடம்தான் உங்களுக்குப் பிறகு யோசிக்க நேரம் தருகிறது. தலையணையின் உயரத்தையும் முன்கூட்டியே சரி செய்துகொள்ளுங்கள். முதலாண்டில் ஏற்படும் தோல்விகளில் பாதிக்கு மேல் நோயாளியைப் படுக்க வைத்த விதத்தில்தான் இருக்கின்றன என்பது நான் மாணவர்களிடம் கண்டது.

பணிநேரம் குறித்து: முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் 2023, மாணவர்களுக்கு நியாயமான பணிநேரமும், நாள்தோறும் போதிய ஓய்வும், வார விடுமுறையும் தர வேண்டும் என்கின்றன. நடைமுறை அப்படி இல்லை என்பது எனக்கும் வேதனைதான். கண் செருகும் நிலையில் ஒருவர் இன்னொருவரின் மூச்சைக் காக்கும் பொறுப்பில் நிற்பது நோயாளிக்கும் ஆபத்து என்பதால், துறைத் தலைவரிடம் உங்கள் சோர்வைப் பற்றி மட்டும் பேசாமல், பணிப் பட்டியலை எழுத்தில் வைத்து நோயாளியின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுங்கள். சக மாணவர்களுடன் சேர்ந்து பேசுங்கள். தூக்கமின்மை நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் இந்த இலவச மனநலச் சேவைக்கு நம் ஊர் நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: எனக்கு மயக்கவியலில் இரண்டாண்டு டிப்ளமோ இடம்தான் கிடைக்கும்போல் இருக்கிறது. சேரலாமா, அடுத்த ஆண்டு மீண்டும் தேர்வு எழுதலாமா?
இளம் மருத்துவர், ஜாலஹள்ளி

பதில்: மருத்துவமனை நன்றாக இருந்தால் சேருங்கள். தேர்வு வாரியத்தின் டிப்ளமோவை முடித்தவர்கள், டிப்ளமோ பெற்றவர்களுக்கான தனி நுழைவுத் தேர்வின் மூலம் மேலும் இரண்டாண்டு படித்து டி.என்.பி. பெறலாம், நேரடியாகச் சேர்ந்தவரைவிட ஓராண்டு கூடுதலாகும், அவ்வளவே. வீட்டில் அமர்ந்து வினா வங்கி புரட்டும் ஓராண்டைவிட அறுவை அரங்கில் கழியும் ஓராண்டு பயன் மிக்கது என்பது என் எண்ணம். கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் மட்டும், டிப்ளமோவோடு நின்றுவிடாதீர்கள்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் பிரிட்டனுக்குச் சென்று மயக்கவியல் நிபுணராவது இங்கே படிப்பதைவிட மேலானதா? என் அண்ணன் அங்கே வேலை பார்க்கிறார்.
வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: மேலானது என்று சொல்ல மாட்டேன், நீளமானது, நன்கு வரையறுக்கப்பட்டது. அங்கே மயக்கவியல் பயிற்சி மட்டுமே ஏழு ஆண்டுகள்: முதல் கட்டம் மூன்று ஆண்டுகள், அடுத்த இரு கட்டங்களும் இரண்டிரண்டு ஆண்டுகள். தொடக்க மாதங்களில் அடிப்படைத் திறன் மதிப்பீட்டில் தேறினால்தான் நேரடிக் கண்காணிப்பு சற்றுத் தளர்த்தப்படும். முதல் கட்டத்துக்குள் அந்நாட்டு மயக்கவியல் கல்லூரி நடத்தும் எஃப்.ஆர்.சி.ஏ. தொடக்கத் தேர்வையும், இரண்டாம் கட்டத்துக்குள் இறுதித் தேர்வையும் முடிக்க வேண்டும். யார் எதை எந்த அளவு கண்காணிப்போடு செய்யலாம் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தில் இருப்பதுதான் அந்த முறையின் சிறப்பு. நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுவே. கையாண்ட நோயாளிகளின் எண்ணிக்கையில், நம் பெரிய அரசு மருத்துவமனையில் மூன்றாண்டு படித்தவரின் கை சளைத்ததல்ல.

இங்கிருந்து செல்பவர் முதலில், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வின் இரு பகுதிகளையும் தேறிப் பதிவு பெற வேண்டும். அதன் பிறகும் பயிற்சி இடத்துக்குக் கடும் போட்டி உண்டு, பதிவு பெற்றதாலேயே இடம் கிடைத்துவிடாது. அங்கேயே குடியேறும் எண்ணம் உறுதியாக இல்லையென்றால், இங்கே எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்து, வெளிநாட்டு மருத்துவர்களை அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்குப் பயிற்சிக்கு அனுமதிக்கும் எம்.டி.ஐ. என்ற திட்டத்தின் கீழ் சென்று பயின்று திரும்புவதைப் பரிந்துரைப்பேன். அண்ணனிடம் ஊதியத்தையும் விசாவையும் மட்டும் கேட்காமல், அவர் பணிபுரியும் மருத்துவமனையில் இந்தியாவிலிருந்து வந்த மயக்கவியல் மருத்துவர்கள் எத்தனை ஆண்டுகள் பயிற்சி இடத்துக்காகக் காத்திருந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பிறகு மேற்கொண்டு சொல்கிறேன்.