வீட்டில் படுக்கையிலிருக்கும் முதியவரின் வாய் நலத்தை நாமே எப்படிச் சோதிப்பது?

பல்லே இல்லாத வாயில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரிலுள்ள வீட்டில் என் மாமியாரைப் பார்த்துக்கொள்வது நான். பக்கவாதத்தில் வலப்பக்கம் தளர்ந்துவிட்டது. ஒரு மாதம் கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டார். வயதாகிவிட்டது, பசி இல்லை என்று நாங்களே முடிவுகட்டினோம். வீட்டுக்கு வந்த தாதி, பல்செட்டைக் கழற்றச் சொன்னார். மேலண்ணம் பல்செட்டின் அச்சு மாறாமல் குங்குமமாய்ச் சிவந்திருந்தது. பூஞ்சைத் தொற்றாம். வலக்கன்னத்துக்குள் காலையில் ஊட்டிய சோறு அப்படியே குழைந்து கிடந்தது. பொக்கை வாயை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று இரவிலும் பல்செட்டைக் கழற்றாமல் இருந்திருக்கிறார்.

முதியோர் இல்லப் பணியாளர்களுக்காக ஆஸ்திரேலியாவில் உருவான ‘ஓஹாட்’ என்ற மதிப்பீட்டு முறையைத் தாதிதான் கற்றுக்கொடுத்தார். உதடு, நாக்கு, ஈறும் உட்சதையும், உமிழ்நீர், சொந்தப் பல், பொய்ப்பல், சுத்தம், வலி என்று எட்டு. நன்றாக இருந்தால் 0, மாற்றம் தெரிந்தால் 1, மோசமென்றால் 2, மொத்தம் 16. கூட்டுத்தொகை குறைவு என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரே இடத்தில் 1 அல்லது 2 விழுந்தாலும் பல் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

டார்ச் விளக்கு, கையுறை, ஈரத்துணி போதும். நிமிர்த்தி உட்காரவைத்து, பல்செட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பற்களுக்கு நடுவே விரலை வைக்காதீர்கள். நான் ஒருமுறை கடி வாங்கினேன். நாக்கு வறண்டு ஒட்டினால் மாத்திரைகளைச் சந்தேகியுங்கள்: இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமைக்கான சில மருந்துகள் எச்சிலை வற்றவைக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். பேச இயலாதவரின் வலியை, கரண்டியைக் கண்டதும் முகம் சுளிப்பதில்தான் பிடிக்க வேண்டும்.

பினாங்கு என்ற பெயரே பாக்கிலிருந்து வந்தது. தோட்டத்தில் வளர்ந்த நம் பாட்டிமாருக்கோ வெற்றிலைப் பாக்கு இல்லாமல் பொழுது போகாது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் வரவழைக்கும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி மூன்றையும் விடாதீர்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறப்பது நாளுக்கு நாள் குறுகுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

சுத்தம் செய்வதை அலங்கார வேலையாக எண்ணவேண்டாம். விழுங்கச் சிரமப்படுபவரின் அழுக்கு எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம்.

இப்போது இரவானால் பல்செட் தண்ணீர்க் குவளைக்குள் போய்விடுகிறது. மாமியாரின் நிபந்தனை ஒன்றுதான்: “குவளையை மூடி வை, பேரப்பிள்ளைகள் பார்த்துவிடப் போகிறார்கள்.”