டர்போ காருக்கு சைலன்சர் மாற்றலாமா? கேள்வி பதில்

கோவை: போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். பின்பக்க சைலன்சரை மட்டும் மாற்றினால் பவர் கூடுமா?

சத்தம் கூடும். டர்போ காரில் புகை, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் புகைப்பக்கச் சக்கரமான டர்பைனைச் சுழற்றிவிட்டுத்தான் வெளியே வருகிறது. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறையக் குறைய அது சீக்கிரம் வேகமெடுக்கும். அதனால் டர்போவை ஒட்டி இறங்கும் டவுன்பைப்தான் முக்கியம், வால் பக்கம் அல்ல. அதை மாற்றினாலும் ரீமேப் (எஞ்சின் கணினியின் கணக்கை மாற்றி எழுதுவது) இல்லாமல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இசியூ, அதாவது எஞ்சின் கணினி, தனக்குக் குறித்த டார்க்கை (சுழற்றும் விசையை) தாண்ட விடாது. இன்னொன்று: தடை குறைந்தபின், வேஸ்ட்கேட் (மிச்சப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) சிறியதாக இருந்தால் முழுக்கத் திறந்தும் போதாது, மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) தானாக ஏறிக்கொண்டே போகும். பூஸ்ட் அளவைப் பார்க்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டரில் கை வைக்க வேண்டாம்.

சேலம்: கன்வர்ட்டரைக் கழற்றி நேர்குழாய் போடலாமா?

கூடாது. புகை, சத்த விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி ரூ.10,000 வரை அபராதம், 3 மாதம் வரை சிறைகூட உண்டு.

மதுரை: 'பேக் பிரஷர் (புகைக்குழாயில் எதிர்த்து நிற்கும் அழுத்தம்) இல்லாவிட்டால் இழுவை போய்விடும்' என்கிறாரே என் மெக்கானிக்?

அடுத்த வண்டிக்கு உண்மையாகத் தோன்றுவது இந்த வண்டிக்குப் பொய். டர்போ இல்லாத எஞ்சினில் குழாயின் நீளமும் விட்டமும் சரியாக இருந்தால், வெளியேறும் ஒவ்வொரு புகை அலையும் அடுத்ததை இழுத்துக்கொண்டு போகும். குழாயை அகலமாக்கினால் வேகம் குறைந்து அந்த இழுப்பு போய்விடும். அங்கே போனது வேகம். பழியோ பிரஷர் மேல். டர்போவுக்குப் பின்னால் இந்தக் கணக்கே இல்லை.

மதுரை (மறுபடி): இருபது வருட அனுபவம் உள்ளவர், சார்.

அனுபவத்தை மறுக்கவில்லை. அதில் டர்போ பெட்ரோல் எத்தனை என்று கேளுங்கள்.

கோவை: அப்போ எவ்வளவு அகலமானாலும் பரவாயில்லையா?

இடம், எடை, சத்தம் மூன்றும் தடுக்கும். உங்கள் அளவு எஞ்சினுக்கு இரண்டரை அங்குலமே தாராளம்.

நெல்லை: ஊர்க்கடையில் குழாய் மாற்றினேன். 2,500 ஆர்பிஎம்மில் காருக்குள் காது அடைக்கிறது.

இரைச்சலை அடக்கும் ரெசனேட்டரை வெட்டி எறிந்திருப்பார்கள். திரும்பப் போடச் சொல்லுங்கள்.

திருச்சி: டீசல் கார். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைக்கிறது, எடுத்துவிடவா?

டீசல் என் பக்கம் இல்லை. எடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அடைக்கத்தான் செய்யும். நெடுஞ்சாலையில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு சர்வீஸில் காட்டுங்கள்.

ஈரோடு: கன்வர்ட்டரை எடுத்தபின் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் பி0420 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. கன்வர்ட்டரைக் காணோம் என்கிறது.

தஞ்சை: கன்வர்ட்டரை...

சேலத்துக்குச் சொன்னதைப் பாருங்கள்.