ஆக்டிவ் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டுக் காயிலோவர் போடலாமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உள்ள ஸ்போர்ட்ஸ் கார், வயதாகிவிட்டது, அடிக்கடி படுத்துக்கொள்கிறது, மொத்தமாகக் கழற்றிவிட்டுக் காயிலோவர் (அதிர்வை அடக்கும் டேம்பரைச் சுற்றி ஸ்ப்ரிங் மாட்டிய தொகுப்பு) மாட்டினால் என்ன என்று கேட்கிறார்கள். அதனால் இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகள் அடுத்த முறை.

கேள்வி: என்னுடையது 2004 மெர்சிடிஸ் எஸ்எல் 500, ஏபிசி (ஆக்டிவ் பாடி கன்ட்ரோல் என்ற ஹைட்ராலிக் சஸ்பென்ஷன்) உள்ளது. ராத்திரி நிறுத்தினால் காலையில் முன்பக்கம் ஒரு மூலை நன்றாக இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடுகிறது. தரையில் எண்ணெய் எதுவும் இல்லை. "ஸ்ட்ரட் போச்சு, காயிலோவர் போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக்.

தரையில் எண்ணெய் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஸ்ட்ரட் (சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் தூண்) மேல் பழி போட என்ன ஆதாரம்? வண்டியை அணைத்ததும் ஒவ்வொரு ஸ்ட்ரட்டிலும் இருக்கும் எண்ணெயை, அது போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு பிளாக் அப்படியே பூட்டி வைக்க வேண்டும். வால்வில் அழுக்கு சிக்கினாலோ ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்தாலோ எண்ணெய் மெல்லத் தொட்டிக்குத் திரும்பும். மூலை இறங்கும், வெளியே ஒரு சொட்டுகூட விழாது. முதலில் எண்ணெயை மாற்றுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், அப்படியும் இறங்கினால் முன் வால்வு பிளாக்கைக் கழற்றி ரீசீல் செய்யச் சொல்லுங்கள். ஒரு மூலை இறங்குவதற்காக முழு அமைப்பையும் பிடுங்குவது அவசர வேலை.

சின்ன மேடு பள்ளத்தில்கூட வண்டி உதறுகிறது என்றால் அது வேறு நோய். அப்போது அக்யுமுலேட்டரைப் பாருங்கள். உருண்டைக்குள் ஒரு சவ்வு, அதன் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். வருடக்கணக்கில் நைட்ரஜன் கசிந்து போய்விடும். பிறகு பம்பின் துடிப்பை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் எல்லாம் ஹோஸில் போய் இடிக்கும், ஹோஸ் வெடிக்கும். ஹோஸை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களிடம் வண்டியை விடாதீர்கள். அடுத்த ஹோஸ் வரிசையில் காத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு பம்ப், ஸ்ட்ரட், ஹோஸ் எல்லாமே சேர்ந்து தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் காயிலோவர் நியாயமான முடிவு. நான் அதற்கு எதிரி இல்லை.

கேள்வி: ஏபிசி பம்பின் பெல்ட்டை மட்டும் வெட்டிவிட்டால் போதாதா?

போதாது. அது இரட்டைப் பம்ப். ஒரு பாதி சஸ்பென்ஷனுக்கு, மறு பாதி பவர் ஸ்டீயரிங்குக்கு. பெல்ட்டை எடுத்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். அதே பெல்ட்டில் ஆல்டர்னேட்டரும் ஓடுகிறது.

காயிலோவர் போட்ட பிறகு ஒன்று, ஏபிசி இல்லாத அதே மாடலின் ஸ்டீயரிங் பம்பைப் பொருத்துங்கள். அல்லது ஏபிசி பக்க எண்ணெய் பம்பிலிருந்து வந்து தடையில்லாமல் தொட்டிக்கே திரும்புகிற மாதிரி லூப் போடுங்கள். வாயை அடைத்து ஓட்டக்கூடாது, எண்ணெய் இல்லாமலும் சுற்றவிடக்கூடாது. இரண்டிலும் பம்ப் ஜாம் ஆகும், ஸ்டீயரிங்கும் சேர்ந்து போகும்.

கேள்வி: ஏபிசி-க்கு மாற்றாகக் காயிலோவர் செட் வாங்கப்போகிறேன். ஆன்டி ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) தேவையா என்று விற்பவரிடம் கேட்டேன். "எங்கள் ஸ்ப்ரிங் நல்ல ஸ்டிஃப், பார் தேவையில்லை" என்கிறார். சரியா?

சரியில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பதிலைச் சொல்லி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

1999-ல் மெர்சிடிஸ் சிஎல் காரில் ஏபிசி வந்தபோதே ஆன்டி ரோல் பாரை எடுத்துவிட்டார்கள். 2001-ல் வந்த ஆர் 230 என்ற தலைமுறை எஸ்எல்லிலும் ஏபிசி உள்ள வண்டிக்குப் பார் கிடையாது. ஸ்ட்ரட்டுக்குள் ஸ்ப்ரிங்கோடு வரிசையாக ஒரு ஹைட்ராலிக் பிளஞ்சர் (எண்ணெய் தள்ளினால் நகரும் உருளை) இருக்கிறது. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது, கம்ப்யூட்டர் அந்தப் பக்க பிளஞ்சருக்கு சுமார் 200 பார் (bar என்ற அழுத்த அலகு) அழுத்தத்தில் எண்ணெய் அனுப்பி உடலைத் தூக்கிப் பிடிக்கும். நொடிக்கு 5 தடவை வரையிலான மெதுவான அசைவுகளை எண்ணெய் பார்த்துக்கொள்ளும், அதற்கு மேற்பட்ட அதிர்வை ஸ்ப்ரிங்கும் டேம்பரும் பார்த்துக்கொள்ளும். சாய்வைத் தடுக்கிற வேலை முழுக்க எண்ணெயின் பொறுப்பில் இருந்தது. எண்ணெயை எடுத்துவிட்டால் அந்த வேலையை யார் செய்வது? விற்பவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஸ்ப்ரிங் செய்யும் என்கிறார்கள். கணக்குப் போடுவோம். ஒரு முன் சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 450 கிலோ உட்கார்ந்திருக்கிறது. வேகமாகவும் ஓட்டலாம், முதுகும் வலிக்கக்கூடாது என்றால் மேலும் கீழும் ஆடும் வேகம் 1.5 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்க வேண்டும். அதற்குச் சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் வேண்டும். ஸ்ப்ரிங் லோயர் ஆர்மில் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையில்) உள்ளே தள்ளி உட்கார்ந்து, மோஷன் ரேஷியோ (சக்கரம் 1 மிமீ அசைந்தால் ஸ்ப்ரிங் அசையும் அளவு) 0.7 என்றால், அதை வர்க்கமாக்கினால் சுமார் பாதி. ஆகவே ஸ்ப்ரிங் 80 இருக்க வேண்டும். இதுவரை எல்லாம் சரி.

இப்போது, சாய்வைத் தடுப்பதில் பாதியை ஆன்டி ரோல் பார் சுமக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார் இல்லை. அந்தப் பாதியையும் ஸ்ப்ரிங் தலையில் கட்டினால் ஸ்ப்ரிங் 160. ஆட்டம் 2.1 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். டேம்பரும் அதே கட்டுப்பாட்டைத் தர 40 சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். இது ரேஸ் டிராக் பக்கம் போகும் வண்டிக்கான கணக்கு, நீங்கள் வாங்கிய சொகுசுக் காருக்கானதல்ல. ஆன்டி ரோல் பாரின் அருமையே இதில்தான் இருக்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அது எதுவும் செய்யாமல் சும்மா திரும்பும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் மட்டும் முறுக்கிப் பிடிக்கும். ஸ்ப்ரிங்குக்கு இந்தப் பாகுபாடு தெரியாது, எல்லா மேட்டிலும் முறைக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சொகுசு கெடக்கூடாது என்று மிதமான ஸ்ப்ரிங்கைப் போட்டு, பாரும் போடாமல் விடுகிறார்கள். நேர் சாலையில் வண்டி அருமையாகப் போகும், வாங்கியவரும் திருப்தியாக எழுதுவார். வேகத்தில் ஒரு தடையைத் தவிர்க்க ஸ்டீயரிங்கை இடம் வலமாகத் திருப்பும்போது தெரியும். முதல் திருப்பத்தில் சாய்ந்த உடல், இரண்டாவது திருப்பத்தில் எதிர்ப்பக்கம் முழுசாக விழும். முன்னும் பின்னும் சாய்வைத் தாங்கும் விகிதமும் கணக்கில்லாமல் இருந்தால் பின்பக்கம் வழுக்கும். ஏபிசி இருந்தபோது இதே வண்டி இந்தச் சூழலில் எவ்வளவு தட்டையாக நின்றது என்று நினைத்துப் பார்த்தால், இதைச் சின்னக் குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஓட்டுபவரின் பழக்கம் பழைய வண்டியை நம்பி இருக்கும்.

ஆர் 230-ல் தொழிற்சாலையிலிருந்தே ஸ்டீல் ஸ்ப்ரிங்கும் ஆன்டி ரோல் பாருமாக வந்த வண்டிகள் உண்டு, எஸ்எல் 350 போன்றவை. உங்களுக்கான வழிகாட்டி அந்த வண்டிதான். பாரின் மவுண்ட்டுக்கு உங்கள் சப்ஃபிரேமில் (சஸ்பென்ஷன் மாட்டும் அடிச்சட்டத்தில்) இடம் இருக்கிறதா, ஆர்மில் பாரை இணைக்கும் லிங்க் மாட்ட ஓட்டை இருக்கிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, அளந்து, அதன் பிறகு வாங்குங்கள். பார் இல்லாத செட்டை எனக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: என் காருக்கு எந்தக் காயிலோவர் நல்லது? சீக்கிரம் பதில் தேவை.

எந்தக் கார்? மாடல், ஆண்டு, இப்போது என்ன சஸ்பென்ஷன், டயர் அளவு, எதற்காக மாற்றுகிறீர்கள். இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள். அவசரம் எனக்குப் புரிகிறது. வண்டி எது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: ஆடி (Audi) ஆர்எஸ் 6, 2003. டிஆர்சி டேம்பர் இரண்டு ஒழுகுகின்றன. காயிலோவர் போட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

போடலாம். டிஆர்சி-யில் மூலைக்கு மூலை குறுக்காக டேம்பர்களை எண்ணெய்க் குழாயால் இணைத்திருப்பார்கள். அது உதவி மட்டுமே, ஆன்டி ரோல் பார் தனியாக இருக்கிறது, இருக்கட்டும். நான்கு டேம்பரும், குழாயும், நடு வால்வும் சேர்ந்தே வெளியே வர வேண்டும். இரண்டை மட்டும் மாற்றி இரண்டை விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: மெக்லாரன் எம்பி4-12சி வாங்கப்போகிறேன். அக்யுமுலேட்டர் தொல்லை என்று கேள்விப்பட்டேன், காயிலோவர் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

வேண்டாம். 2011-ல் வந்த அந்தக் காரிலும் வழக்கமான ஆன்டி ரோல் பார் கிடையாது. டேம்பர்களை ஹைட்ராலிக்காக இணைத்து, அக்யுமுலேட்டர் வைத்துத்தான் சாய்வைக் கட்டுப்படுத்துகிறார்கள். மேலே எழுதிய பதில் முழுவதும் இதற்கும் பொருந்தும், இன்னும் கடுமையாக. அக்யுமுலேட்டர் தேய்கிற சாமான், மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் காரை வாங்குவதற்கு முக்கியமான காரணமே அதன் சஸ்பென்ஷன்தான்.

கேள்வி: ஏர்மேட்டிக் (காற்று ஸ்ப்ரிங் சஸ்பென்ஷன்) உள்ள மெர்சிடிஸ் எஸ் கிளாஸ். ஏர் ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டுக் காயில் போட்டால் இதே பிரச்சினை வருமா?

அதே அளவுக்கு வராது. ஏர்மேட்டிக்கில் ஆன்டி ரோல் பார் இருக்கிறது. ஆளும் சாமானும் ஏறினால் பின்பக்கம் தாழும், அதுதான் முக்கிய இழப்பு. கம்ப்ரஸரையும் கழற்றுங்கள். ஆனால் கையை வைக்கும் முன் ஜாக் ஸ்டாண்டில் உட்கார வைத்து, காற்றை வெளியேற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

கேள்வி: ஏபிசி-யை எடுத்துக் காயிலோவர் மாட்டியாச்சு. டாஷ்போர்டில் சிவப்பு எழுத்து போகவே இல்லை. ஃபியூஸைப் பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள். சஸ்பென்ஷன் கன்ட்ரோல் யூனிட் தனியாக இல்லை, ஈஎஸ்பி (வண்டி வழுக்காமல் காக்கும் அமைப்பு) உள்ளிட்ட மற்ற யூனிட்டுகளோடு ஒரே நெட்வொர்க்கில் பேசிக்கொண்டிருக்கிறது. அது திடீரென்று வாயை மூடினால் மற்றவை குழம்பும். வண்டிக்குரிய ஸ்கேனரில் ஏபிசி இல்லாத வண்டியாகக் கோடிங் மாற்ற வேண்டும், அல்லது யூனிட் எதிர்பார்க்கிற சிக்னலைத் தரும் எமுலேட்டர் வைக்க வேண்டும். முடிந்ததும் ஈஎஸ்பி, ஏபிஎஸ் இரண்டிலும் எர்ரர் கோட் இல்லை என்று ஸ்கேன் செய்து பாருங்கள். எழுத்து மறைந்தால் மட்டும் வேலை முடிந்ததாகாது.

வண்டியின் உயரத்தை அளக்கும் ஹைட் சென்சாரையும் அதன் கம்பியையும் தேவையில்லை என்று கழற்றிவிடுவார்கள். செனான் ஹெட்லைட் எவ்வளவு கீழே பார்க்க வேண்டும் என்பது அந்த சென்சாரை வைத்துத்தான் தீர்மானமாகிறது. கழற்றினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அல்லது உங்கள் முன்னால் பத்தடி மட்டும் தெரியும். சென்சார் இருக்கட்டும், புதிய உயரத்துக்கு கேலிபரேட் செய்து ஹெட்லைட்டைச் சரிபாருங்கள்.

கேள்வி: காயிலோவரில் முன்பக்கம் 40 மிமீ இறக்கினேன். இரண்டே மாதத்தில் முன் டயர் உள்பக்கம் கம்பி தெரிகிறது. டயர் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?

இறக்கிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும். உள்பக்கத்தைத் தின்பதில் கேம்பரைவிட டோவுக்கே பங்கு அதிகம். டயர் மேல் தவறு இல்லை.

40 மிமீ அதிகம். அசைவின் எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்புக்கும் டேம்பருக்கும் நடுவே என்ன மிச்சம் என்று பாருங்கள். ஒரு மேட்டில் அது போய் இடித்தால் அந்த நொடியில் ஸ்ப்ரிங் கணக்கெல்லாம் வீண். 15, 20 மிமீ போதும். ஒரு வாரம் ஓட்டி ஸ்ப்ரிங் படிந்த பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள். உயரத்தைத் தொட்டால் மறுபடியும் அலைன்மென்ட். ஒவ்வொரு தடவையும்.

கேள்வி: வீட்டிலேயே ஸ்ட்ரட்டைக் கழற்ற முடியுமா? சாவி, ஜாக் எல்லாம் இருக்கிறது.

ஸ்கேனர் இருக்கிறதா? ஏபிசி அழுத்தத்தை முறைப்படி இறக்காமல் ஒரு குழாய் இணைப்பைக்கூடத் தளர்த்தாதீர்கள். 200 பார் அழுத்தத்தில் ஊசிமுனை அளவு துவாரம் போதும், எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவு. ஆனால் அது உடனே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம். விரலைப் பறிகொடுக்கும் அளவுக்குப் போகும். ஒழுகலை விரலால் தடவித் தேடுவதும் இதனால்தான் கூடாது, அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

அழுத்தம் இறங்கினால் வண்டியும் இறங்கும். மறுபடியும் சொல்கிறேன், ஜாக் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் மற்ற எல்லாம்.

மாட்டும்போது ஒன்று. ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், வண்டி தரையில் உட்கார்ந்ததும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு கடைசி இறுக்கு.

கேள்வி: கழற்றிய ஏபிசி சாமான்களைப் பழைய இரும்புக்குப் போடலாமா?

நல்ல நிலையில் உள்ளவற்றைப் போடாதீர்கள். ஸ்ட்ரட், வால்வு பிளாக், கன்ட்ரோல் யூனிட் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வண்டியை வாங்குகிறவர் பழையபடி மாற்ற விரும்பலாம், அதற்கு இவை இருந்தால்தான் முடியும். குழாய் வாய்கள் எல்லாவற்றையும் மூடி போட்டு அடையுங்கள், மணல் ஒரு துளி போனாலும் வால்வு பிளாக் வீண். அக்யுமுலேட்டரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம், அதற்குள் அழுத்தத்தில் வாயு இருக்கிறது. வெட்டவோ தீயில் போடவோ கூடாது, அழுத்தத்தை இறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.