வடிகட்டிப் படுகையில் தண்ணீர் இறங்கவில்லை: பொடி போடவா, மணலை மாற்றவா?

கேள்வி: ஐயா, பத்து கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். கொட்டகை கழுவும் தண்ணீரையும் வீட்டுக் குளியல், துவையல் தண்ணீரையும் 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள சிமென்ட் தொட்டியில் விட்டு, வடித்து, தீவனப்புல்லுக்குப் பாய்ச்சுகிறேன். அடியில் முக்கால் இஞ்ச் ஜல்லி, அதன்மேல் விரிப்புத் துணி, எம்-சாண்ட், மேலே ஓர் அடி செம்மண், கல்வாழை. எட்டு மாதம் தெளிவாக வந்தது. இரண்டு மாதமாகத் தண்ணீர் மேலேயே நிற்கிறது. நாற்றமும் கொசுவும் தாங்கவில்லை. கடைக்காரர் வாரம் ஒரு கிலோ நுண்ணுயிர்ப் பொடி போடச் சொல்கிறார். கொத்தனார் எல்லாவற்றையும் அள்ளிவிட்டுப் புது மணல் கொட்டச் சொல்கிறார். எதைச் செய்ய?
- பால் பண்ணையாளர், கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: பொடி வேண்டவே வேண்டாம். கொத்தனாரை இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். அடைப்பு எந்த இடத்தில் என்று தெரியாமல் கை வைத்தால் காசுதான் போகும்.

2 இஞ்ச் பிவிசி குழாய் ஒன்றை எடுத்து, கீழ் அரை அடிக்குத் துளைகள் போட்டு, அடி ஜல்லி வரை இறக்குங்கள். மேலே குட்டையாக நிற்கும்போது குழாய்க்குள்ளும் அதே மட்டம் இருந்தால், வெளியேறும் குழாயில் கல்வாழை வேரோ கசடோ அடைத்திருக்கிறது. அதைக் குத்திச் சுத்தம் செய்தாலே போதும். அந்த முனையிலிருந்து 2 அடிக்குச் செடியே வேண்டாம். குழாய்க்குள் மட்டம் வெகு கீழே இருந்தால் அடைப்பு மேல்மண்ணிலோ துணியிலோ இருக்கிறது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் இரண்டிலும் இருக்கும். தண்ணீர் விழும் முனையில் ஒரு குழி, நடுவில் ஒரு குழி தோண்டுங்கள். மேல் இரண்டு மூன்று இஞ்ச் கறுத்து, வழவழவென்று, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்தக் கறுப்பு மண்ணை ஒரு தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள். காயக் காயப் பழுப்பானால், கறுப்புக்குக் காரணம் இரும்பு சல்பைடு. காற்றே புகாத இடத்தில்தான் அது உண்டாகும்.

நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் படுகை வாரத்தில் எத்தனை நாள் காய்கிறது? உங்கள் கடிதப்படி ஒரு நாள்கூட இல்லை. சாணத் துணுக்கு துளைகளில் உட்கார்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, தங்களைச் சுற்றிப் பசை போன்ற கூழைச் சுரக்கின்றன. காற்று இருந்தால் துணுக்கும் கூழும் செரித்துக் குறையும். தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் காற்று நுழையாது, கூழ் தடித்துக்கொண்டே போகும். படுகையைக் காயப்போடுவதைவிடச் சிறந்த மருந்து இதற்குக் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

பிரான்ஸ் நாட்டுச் சிற்றூர்களில் கழிவறைத் தண்ணீரைக்கூடத் தெளிய வைக்காமல் நேராக ஜல்லிப் படுகையில் விடுகிறார்கள். மூன்று படுகைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றுக்கு 3 அல்லது 4 நாள் தண்ணீர், பிறகு 7 நாள் ஓய்வு. மேலே சேரும் கசடு மக்கிச் சுருங்கி ஆண்டுக்கு 2, 3 செ.மீ. மட்டுமே உயர்கிறது. 10 ஆண்டுக்கு மேல் அதை அள்ளாமலே ஓட்டுகிறார்கள். இஸ்ரேலில் டெல் அவிவ் வட்டாரத்தின் சுத்திகரித்த கழிவுநீரை மணல் குளங்களில் விட்டு நிலத்தடிக்கு இறக்கும் ஷாஃப்டான் நிலையத்திலும் ஒரு நாள் நிரப்பினால் இரண்டு மூன்று நாள் காயவிடுவதே வழக்கம். அவ்வளவு தெளிந்த தண்ணீருக்கே அங்கே ஓய்வு வேண்டியிருக்கிறது. நீங்கள் விடுவதோ சாணத் தண்ணீர்.

பொடி விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: சாணத்தில் இல்லாத எந்த நுண்ணுயிர் அவருடைய பையில் இருக்கிறது? உங்கள் படுகையில் நுண்ணுயிருக்குப் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். பொடி போட்ட வாரம் கொட்டகையில் தண்ணீர் குறைவாகப் புழங்கியிருந்தால் மட்டம் கொஞ்சம் இறங்கும், பெயர் பொடிக்குப் போகும். ஆசிட் ஊற்றச் சொல்பவரையும் நம்பாதீர்கள். தொட்டியின் சிமென்ட்டைத்தான் அது தின்னும். பிளீச்சிங் பவுடர் கூழோடு சேர்த்து வேலைசெய்யும் உயிர்களையும் கொல்லும்.

இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். தண்ணீரை முழுதாக நிறுத்தி, தென்னைக்கோ புல்லுக்கோ மாற்றிவிடுங்கள். தினம் ஒரே பாத்தியில் விடக்கூடாது. மேலே நிற்பதை வாளியால் இறைத்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது மண்வெட்டி போடவே கூடாது, கூழை இழுத்துக் கீழே அப்பிவிடும். நல்ல வெயிலில் ஒரு வாரத்தில் மேல் ஏடு வெடிக்கும். அப்போது பலகை போட்டு அதன்மேல் நின்று, 2 இஞ்ச் மட்டும் சுரண்டி எடுத்து எருக்குழியில் போடுங்கள். மொத்தம் 14 நாள் காயட்டும்.

பிறகு கொத்தனாருக்கு வேலை உண்டு, ஆனால் அவர் சொன்ன வேலை அல்ல. செம்மண்ணை முழுதாக எடுத்துவிடுங்கள். அதிலுள்ள களியை, துவைக்கும் சோடாவின் சோடியம் பிரித்துக் கலைத்துத் துளைகளை மூடிவிடும். ஜிப்சம் போட்டால் சோடியத்துக்கு உதவும், சாணக் கூழுக்கு உதவாது. துணியையும் கழற்றுங்கள். மேலிருந்து இறங்கும் நுண்துகள் முழுவதும் துணியில்தான் வந்து தங்கும், அதை மண்ணைத் தோண்டாமல் கழுவவும் முடியாது. படுகைக்குள் துணி விரிக்கச் சொல்லி விற்பவர்கள் அதை மறுபடி எடுக்க வருவதில்லை.

எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கான பொருள். உடைகல் மணலில் 150 மைக்ரானுக்கு (0.15 மி.மீ.) கீழான தூள் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று கான்கிரீட் மணல், ஜல்லிக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 383-ஏ அனுமதிக்கிறது. வடிகட்டிக்கு அந்தத் தூள்தான் எமன். அதனால் எம்-சாண்ட்டையும் எடுத்துவிடுங்கள். அடியில் இருக்கும் ஜல்லியைக் கழுவிப் போட்டு, அதன்மேல் அரை அடிக்கு 6 முதல் 12 மி.மீ. சிப்ஸ் கல், அதற்கும் மேல் ஒன்றேகால் அடிக்கு 2 முதல் 6 மி.மீ. சல்லி போடுங்கள். லாரியிலிருந்து இறக்குமுன் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்குப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். 10 செ.மீ. சல்லி மேல் 3 மி.மீ.க்கு மேல் சேறு படிந்தால் திருப்பி அனுப்புங்கள், அல்லது கழுவிய பிறகே போடுங்கள்.

தொட்டியின் நடுவில் குறுக்குச் சுவர் வைத்தால் 10 × 6 அடியில் இரண்டு படுகை. அதே அளவில் மூன்றாவது ஒன்று கட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வும் தனி வெளியேற்றும் குழாயும் வேண்டும். அடிக்குழாய் பொதுவாக இருந்தால் ஓய்வில் இருக்கும் படுகையிலும் தண்ணீர் ஏறும். ஒரு படுகைக்கு மூன்றரை நாள் தண்ணீர், பிறகு ஏழு நாள் ஓய்வு. சிறு கசிவாக விடாமல், ஒரு கழுவல் தண்ணீரைத் தேக்கி 3 இஞ்ச் வால்வில் ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். 250 லிட்டர் அந்தப் பரப்பில் சுமார் நாலரை செ.மீ. நிற்கும், எல்லா மூலைக்கும் போகும். அது இறங்கும்போது பின்னாலேயே காற்றை உள்ளே இழுக்கும்.

அதற்கு முன்னால் சாணம். ஒரு மாட்டுக்குத் தினம் ஒரு கிலோ சாணம் தரையில் ஒட்டிக் கழுவலில் போனாலே பத்து மாட்டுக்குப் பத்து கிலோ, அதில் உலர்பொருள் ஒன்றரை கிலோ. உங்கள் தொட்டியின் பரப்பு 11 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 கிராம். நம் வெப்பத்தில் செடி நட்ட மணல் படுகை சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60, 70 கிராம் வேதி ஆக்சிஜன் தேவையை (அழுக்கைச் சிதைக்க வேண்டிய ஆக்சிஜனின் அளவை) மட்டுமே தாங்கும். சாணத்தின் உலர்பொருள் ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் ஆக்சிஜன் தேவை இருக்கிறது. ஆக இரண்டு மடங்கு சுமை, அதுவும் தண்ணீர் விழும் முதல் சில அடிகளிலேயே. தண்ணீர் ஊற்றுமுன் ரப்பர் வழிப்பானால் சாணத்தை வழித்து அள்ளுங்கள். 1,000 லிட்டர் தெளிவுத் தொட்டி ஒன்று இடையில் இருக்கட்டும். தண்ணீர் 'T' வடிவக் குழாய் வழியாக நடுமட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். வாரம் ஒருமுறை அடிக்கசடை எருக்குழிக்குத் திறந்துவிடுங்கள். சமையலறைத் தண்ணீர் சேர்ந்தால் மிதக்கும் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் சிறு தொட்டி (எண்ணெய்ப் பொறி) தனியாக வேண்டும்.

வடிந்த தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கிருமி போயிருக்காது. தீவனப்புல், தென்னை, வாழைக்கு வாய்க்காலில் விடலாம். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் கூடாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் எந்தப் படுகையும் ஏழு நாளில் காயாது. அப்போது ஓய்வை நீட்டி, மிஞ்சும் தண்ணீரைப் பாத்தி மாற்றிப் புல்லுக்கு விடுங்கள். கொட்டகைக் கூரைத் தண்ணீர் படுகையில் விழாதபடி தகரக் கால்வாய் ஒன்று அடித்துவிடுங்கள்.