டிரம் செட்டை நான்கு மைக்குகளில் பதிவு செய்யும்போது ஸ்னேர் டிரம்மின் ஒலி ஏன் மெலிந்துவிடுகிறது?

தனித்தனியாகக் கேட்டால் கனமாக இருக்கும் ஸ்னேர் (டிரம் செட்டில் வாசிப்பவரின் முன்னால் குச்சியால் அடிக்கப்படும் சிறு டிரம்), எல்லா மைக்குகளையும் சேர்த்ததும் சோர்ந்துவிடுவதற்குக் காரணம், ஒரே அடியின் ஓசை ஒவ்வொரு மைக்கையும் வெவ்வேறு நேரத்தில் சென்றடைவதுதான். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஸ்னேரை ஒட்டிய மைக்குக்கும் மேலிருக்கும் ஓவர்ஹெட் மைக்குக்கும் தூர வேறுபாடு 86 செ.மீ. என்றால், மேலே ஓசை 2.5 மில்லிவினாடி தாமதமாகச் சேரும். 200 ஹெர்ட்ஸ் அலைக்கு இது அரைச் சுற்று. ஸ்னேரின் கனம் பெரும்பாலும் இந்த அதிர்வெண்ணை ஒட்டியே இருப்பதால், ஓர் அலையின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து அந்தக் கனமே கரைந்துவிடுகிறது.

அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன், ஸ்னேர் தடத்தின் போலாரிட்டியைத் திருப்பி (அதாவது அலையின் மேடுகளைப் பள்ளங்களாக்கி), ஓவர்ஹெட்டுகளோடு மோனோவில், அதாவது எல்லாம் ஒரே தடமாகச் சேர்ந்த ஒலியில், கேளுங்கள். எந்த நிலையில் கனம் கூடுகிறதோ அதுவே சரி. காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கும் இவ்வாறே செய்யுங்கள்.

பதிவின்போதே இதைத் தடுப்பதுதான் மேல். ஒரு நூலின் நுனியை ஸ்னேரின் நடுவில் பிடித்து, தலைக்கு மேலுள்ள மைக்கும் தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமின் பக்கமுள்ள மைக்கும் சம தூரத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டரில், அமையும்படி அளந்து வையுங்கள். ஒலிப்பதிவாளர் க்ளின் ஜான்ஸின் பெயரால் அறியப்படும் முறை இது. வீட்டில் பதிவு செய்யும்போது கூரை தாழ்வாக இருப்பதால், அதன் எதிரொலி சிம்பல்களின் (உலோகத் தட்டுகளின்) ஓசையைக் கரகரப்பாக்கும். மைக்குகளுக்கு மேலே கூரையில் ஒலியை உறிஞ்சும் தடிமனான கனிமக் கம்பளிப் பலகை பொருத்துவது, விலையுயர்ந்த மைக் வாங்குவதைவிட அதிகப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.